ஒரு குடும்பப்பெயரின் தோற்றமும் பரவலும்

மனித குலம் இதுவரை மூன்று மகத்தான கண்டுபிடிப்புகளைச் செய்திருக்கிறது: நெருப்பு, சக்கரம், தலைவரின் குடும்பப்பெயர். முதல் இரண்டையும் கண்டுபிடித்தது யாரென்று எவருக்கும் தெரியாது. மூன்றாவதைக் கண்டுபிடித்தவர் தலைவரேதான். அதுவும் விமான நிலையத்தில், நின்ற வாக்கில், இரவல் பேனாவால்.

அந்தப் பெயர் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தப் பெயருக்கென்றே தலைவர் நடத்தும் பேரவையின் விதிப்படி, அதை எழுத்துமூலமான அனுமதியின்றி அச்சிடக் கூடாது. அச்சிட்டால் முன்னால் 'மாண்புமிகு' என்றும் பின்னால் 'பெருங்குலம்' என்றும் சேர்க்க வேண்டும். அவ்வளவு காகிதத்துக்கு நாம் எங்கே போவது? ஆகவே 'பெயர்' என்று மட்டும் சொல்லிக்கொள்வோம்.

பெயரின் தோற்றம் குறித்து அறிஞர்களிடையே இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. முதலாவது, பேரவை வெளியிட்ட வழவழப்பான கையேட்டில் உள்ளது. அதன்படி, பெயரை முதலில் தாங்கியவர் ஒரு தளபதி. அவர் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் எதிரிகள் ஓடிவிடுவார்கள். ஆகவே அவர் வாளை உருவ வேண்டிய அவசியமே வரவில்லை. ஆகவே வாள் உறைக்குள்ளேயே துருப்பிடித்துப் போயிற்று. ஆகவே அது இன்று கிடைக்கவில்லை. ஆதாரம் இல்லாததற்கே இத்தனை வலுவான ஆதாரம் உள்ள பெயர் உலகில் வேறு எதுவும் இல்லை.

இரண்டாவது கருத்து தலைவரின் மனைவியுடையது. அடுக்களையில் பாத்திரம் துலக்கியபடி அவர் அதை வெளியிட்டார்.

"தளபதியாவது, தடியடியாவது! அது எங்க மாமனார் பேரு."

வருந்தத்தக்க விஷயம் என்னவென்றால், இரண்டாவது கருத்துதான் உண்மை. நம் ஆட்களுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. அவரவர் பெயர் அவரவருக்கு. முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் பூர்வீகம். ஆனால் இந்த நாட்டின் குடியேற்றப் படிவத்தில் 'குடும்பப்பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம். பின்னால் நின்ற ஆள் பெட்டியால் முழங்காலில் இடித்துக்கொண்டே இருந்தான். இளைஞராக இருந்த தலைவர் சட்டென்று அப்பாவின் பெயரைக் கட்டத்தில் எழுதிவிட்டார். ஒரு பெருங்குலம் பிறந்துவிட்டது.

அந்த அப்பா ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார், இன்றும். எல்லாரும் அவரைச் 'சைக்கிள்காரரே' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாத அந்தக் குறையை இந்த நாடு தீர்த்து வைத்தது. தலைவர் வேலை பார்க்கும் டயர் கிடங்கில், அவரைவிட வயதில் சின்னவனான மேனேஜர், வாசலில் லாரி நின்றால் போதும், அவருடைய அப்பா பெயரைச் சொல்லித்தான் கத்துவான். முதல் வாரம் தலைவருக்கு உடம்பெல்லாம் கூசியது. பெற்ற அப்பாவை ஒருவன் வாய்க்கு வந்தபடி வைவதை மகன் நின்று கேட்பதா? பிறகு பழகிவிட்டது. சம்பளம் வந்தால் எதுவும் பழகிவிடும்.

மனைவியின் பாடு இன்னும் மோசம். மாமியார் தன் ஆயுளில் ஒரு தடவைகூட உச்சரிக்காத அந்தப் பெயரை ஆஸ்பத்திரியில் நர்ஸ் இவரைப் பார்த்து உரக்கக் கூவினாள். மாமனாரைக் கூப்பிடுகிறார்கள் என்று இவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். முறை தவறிப்போய், மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் முறை நர்ஸ் கூவியபோதுதான் வரலாறு திரும்பியது. மனைவியோடு தலைவரும் எழுந்தார். மூலையில் இன்னொரு ஆளும் எழுந்தார். அவர் குடியேற்ற அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர்.

"உங்க பேரும் இதானா?" என்றார் தலைவர்.

"எங்கப்பா பேருங்க."

"அட, எனக்கும் எங்கப்பா பேருதான்!"

சாதாரண மனிதர்களாக இருந்தால், 'சரி, ரெண்டு அப்பாவுக்கும் ஒரே பேரு' என்று சிரித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் தலைமுறையில் தடுக்கி விழுந்தால் அந்தப் பெயருள்ள ஒருவர் மேல்தான் விழ வேண்டும். ஆனால் இவர்கள் சாதாரண மனிதர்கள் இல்லை. கட்டிக்கொண்டார்கள். "ஒரே ரத்தம்!" என்றார் தலைவர் தழுதழுத்து. ஒருவர் ஓ, மற்றவர் பி என்று கையிலிருந்த சீட்டைப் பார்த்து நர்ஸ் சொன்னாள். "பிரிவுதாம்மா வேற. ரத்தம் ஒண்ணு," என்றார் மொழிபெயர்ப்பாளர். அன்றே பேரவை பிறந்தது; அவர் அதன் செயலாளர் ஆனார்.

சலவைக் கடை மாடியில் ஓர் அறை. கீழிருந்து வரும் ஆவியில் எப்போதும் சற்றே சுருண்டிருக்கும் ஓர் உலக வரைபடம். 'பெயரின் நவீனப் பரவல்' என்ற மாபெரும் ஆய்வு அங்கேதான் நடந்தது. ஆய்வுமுறை மிகவும் நுட்பமானது: கிடைக்கும் தொலைபேசிப் புத்தகங்களில் பெயரைத் தேடுவது, கிடைத்தால் வரைபடத்தில் குண்டூசி குத்துவது. தென் துருவத்தில்கூட ஒரு குண்டூசி உண்டு. வானிலை ஆராயப் போன ஒருவர் அங்கே கொஞ்ச நாள் இருந்தார். அவர் குளிர் தாங்காமல் திரும்பி வந்துவிட்டார், குண்டூசி வரவில்லை. பெருங்குலம் கூடுமே தவிரக் குறையாது என்பது பேரவையின் கொள்கை. 'எனக்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆளை விடுங்கள்' என்று எழுதிய ஒரு பல் டாக்டரும் விடப்படவில்லை. 'கருத்து வேறுபாடு கொண்ட கிளை' என்று சிவப்புக் குண்டூசியாகக் குத்தப்பட்டார்.

இத்தகைய உழைப்புக்குப் பலன் கிடைக்காமல் போகுமா? நகரசபை மனமிரங்கி, டயர் கிடங்குக்குப் பின்னால் உள்ள சந்துக்குப் பெயரின் பெயரையே சூட்டச் சம்மதித்தது. நிபந்தனை ஒன்றுதான்: அது 'தொன்மையான, இடையறாத இந்தியக் குடும்பப்பெயர்' என்று பேரவை உறுதியளிக்க வேண்டும். பேரவை உறுதியளிப்பதற்கென்றே பிறந்தது. சனிக்கிழமை திறப்புவிழா.

அந்த வாரம் பார்த்துத்தான் தம்பி வந்து நின்றான். கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு பை.

தம்பி என்றால் கூடப்பிறந்த தம்பி. இதே நாட்டில் வேறொரு நகரத்தில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தான். கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். வேலை போனால் தங்கும் அனுமதியும் போய்விடும்.

"ரத்த சொந்தம் யாராவது இங்க இருந்தா, நேர்ல வந்து சொல்லி, வீட்டுல வச்சுக்கிறேன்னு உறுதி குடுத்தா, வேற வேலை தேட டைம் தருவாங்களாம் அண்ணே. இல்லைன்னா சனிக்கிழமை பிளைட்டுல ஏத்திவிட்டுடுவாங்க. நம்ம ஊர்ல லிஃப்டே கிடையாது. அங்க போய் நான் எதைப் பிடிச்சு ஏறுறது? பிள்ளைங்க ரெண்டும் படிச்சுக்கிட்டிருக்கு."

"இதுக்கு ஏன் தம்பி இவ்வளவு தயங்குறீங்க? அண்ணன் வந்து சொல்லுவாரு," என்றார் மனைவி. வீட்டு மாடி அறையில் மெத்தை எடுத்துப் போட அப்போதே கிளம்பிவிட்டார்.

"ஒரு சிக்கல் இருக்கு அண்ணி," என்றான் தம்பி.

சிக்கல் இதுதான். அவனுக்கு பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட், குடும்பப்பெயர்க் கட்டத்தில் அவனுடைய சொந்தப் பெயரையே போட்டுவிட்டான். அதாவது தம்பிக்கு அவனே குலம். அவனே மூலபுருஷன். ஒரே அப்பாவுக்குப் பிறந்தவர்கள் இரண்டு குலமாகிவிட்டார்கள். வேறுவேறு அப்பாக்களுக்குப் பிறந்தவர்கள் சலவைக் கடை மாடியில் ஒரே குலமாக உட்கார்ந்திருந்தார்கள். குடும்பப்பெயர் வேறாக இருக்கும்போது எப்படி அண்ணன் தம்பி ஆனீர்கள் என்று அதிகாரி கேட்கிறார். தலைவர் போய், 'ஐயா, எங்களுக்குக் குடும்பப்பெயரே கிடையாது, நான் எழுதியது என் அப்பா பெயர், அவனுக்கும் அவர்தான் அப்பா' என்று சத்தியம் செய்து சொன்னால் தீர்ந்தது.

செய்தி கேட்டு, ஓட்டமும் நடையுமாக டயர் கிடங்குக்கு வந்து சேர்ந்தார் செயலாளர். தலைவரை டயர் அடுக்குகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"தலைவரே, நீங்க பேசுறதை மொழிபெயர்க்கப் போறதே நான்தான். எங்களுக்குக் குடும்பப்பேரே கிடையாதுன்னு அரசாங்கத்துக்கு முன்னால சத்தியம் பண்ணிட்டு, சனிக்கிழமை எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுத் திரையை விலக்குவீங்க?"

"அவன் என் தம்பிய்யா."

"தம்பிதான். யாரு இல்லைன்னா? ஆனா தெரு ஒருதடவைதான் கிடைக்கும்."

தலைவர் தனியாக முடிவெடுக்கும் சர்வாதிகாரி அல்லர். அவசரக் கூட்டம் கூட்டினார். பெருங்குலத்தோர் ஈர ஆவியில் வியர்த்தபடி விவாதித்தார்கள். பஸ் ஓட்டும் உறுப்பினர் ஒருவர் மட்டும் இடக்காகக் கேட்டார்.

"ஒரே வயித்துல பொறந்தவங்கதானே?"

"வயிறு அம்மாவோடது. குலம் அப்பாவோடது," என்றார் செயலாளர்.

"அப்பாவும் ஒருத்தர்தானேங்க?"

"அந்த விவரம் பேரவை ஆவணத்துல இல்லை."

'பெயரில்லாதவர் உறவினராகார்' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பஸ் ஓட்டுபவர் எழுந்து போய்விட்டதால் ஏகமனதுக்கு இடையூறு ஏற்படவில்லை.

அலுவலகத்துக்குக் கிளம்பும் காலையில் மனைவி கோட்டை எடுத்துக் கொடுத்தார். "ஏங்க, ரெண்டே வார்த்தை. 'என் தம்பி'. சொல்லிட்டு வந்துடுங்க," என்றார். தலைவர் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டார்.

குடியேற்ற அலுவலகத்தின் அறை சின்னது. ஒரு மேசை, நாலு நாற்காலி. தம்பி இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தான். அண்ணனைக் கண்டதும், காணாமல் போன பிள்ளை அப்பாவைப் பார்த்த மாதிரி சிரித்தான். அதிகாரியம்மா கேட்டார். செயலாளர் அதை நம் மொழியில் கம்பீரமாகச் சொன்னார்.

"இவர் உங்கள் உடன்பிறந்த தம்பியா?"

தலைவருக்கு, சின்ன வயதில் இந்தப் பயலைக் கடை சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்து ஊரெல்லாம் சுற்றியது நினைவுக்கு வந்தது. அவருக்கு அழுகை வந்தது என்பதை நாம் மறைக்கக் கூடாது. அதை அவர் தளபதிக்கே உரிய வீரத்தோடு விழுங்கினார் என்பதையும் மறைக்கக் கூடாது.

"எங்க குலத்துல இப்படி ஒருத்தர் இல்லை," என்றார்.

செயலாளர் ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தார். அவருடைய பணிக்காலத்திலேயே மிகச் சிறந்த மொழிபெயர்ப்பு அதுதான்.

"அண்ணே," என்றான் தம்பி. "என்னைப் பாத்துச் சொல்லுண்ணே."

தலைவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரியம்மா இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்புறம் எப்படி மூக்கு ரெண்டும் ஒரே அச்சாக இருக்கிறது?" என்று கேட்டார்.

"எங்க ஊர்ல எல்லாருக்கும் இப்படித்தான்," என்றார் தலைவர்.

சனிக்கிழமை சந்து ஜேஜே என்று இருந்தது. குப்பைத் தொட்டிகளைத் தற்காலிகமாக அப்புறப்படுத்தியிருந்தார்கள். தலைவரின் மனைவி வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொழுந்தனோடு விமான நிலையத்துக்குப் போய்விட்டார். போகும்போது, "நானும் அந்தப் பேரைத்தான் சுமக்கிறேன். அசிங்கமா இருக்கு," என்று மட்டும் சொன்னார். 'பெண்கள் பிரிவின் பிரதிநிதி தவிர்க்க இயலாத காரணத்தால் கலந்துகொள்ளவில்லை' என்று செயலாளர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். நகரசபைக்காரர் தளபதியைப் புகழ்ந்தார். தலைவர் கயிற்றை இழுத்தார். திரை விலகியது. நீலப் பலகையில், வெள்ளை எழுத்தில், சைக்கிள்காரரின் பெயர்.

கைதட்டல் ஓயுமுன் தலைவரின் சட்டைப்பையில் போன் அடித்தது.

"டேய், நான்தான்," என்றது ஊரிலிருந்து ஒரு முதிய குரல். "சின்னவன் ஏர்போர்ட்லேர்ந்து பேசினான். அண்ணனை ஒண்ணும் திட்டாதீங்கப்பான்னு சொல்றான். ஏன்டா, நான் ரெண்டு பேருக்கும் அப்பன்தானேடா? இல்ல, அதையும் உங்க ஆபீசுல மாத்தி எழுதிட்டீங்களா?"

தலைவர் காதோடு போனை அழுத்திக்கொண்டார்.

"என் பேர்ல தெருவாமே? தளபதியாமே நான்? பஞ்சர் ஒட்டிப் பிழைச்சவன்டா நான். அந்தப் பேரு உங்க ரெண்டு பேரையும் வளர்த்துச்சு, போதும். கூடப்பிறந்தவனைத் தம்பின்னு சொல்லாதவனுக்கு என் பேரு எதுக்கு? பலகையை எறக்கச் சொல்லு. எறக்கிட்டு எனக்குப் பேசு."

தலைவர் போனை அணைத்துப் பைக்குள் போட்டார்.

"யாரு தலைவரே? முகமே வெளுத்துப்போச்சு," என்றார் செயலாளர்.

"யாரோ வயசான ஆளு. ஊர்லேர்ந்து. அவருக்கும் நம்ம பேருதானாம்."

செயலாளரின் முகம் மலர்ந்தது. "நம்ம பேரா! அப்ப நம்ம ரத்தமாச்சே! பேரவையில சேத்துடலாமா?"

தலைவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். புகைப்படக்காரர் அழைக்கவே, பலகைக்குக் கீழே போய் நிமிர்ந்து நின்றார்.

"அவசரப்படக் கூடாது. நல்லா விசாரிச்சுத்தான் சேக்கணும்," என்றார். "கண்டவனெல்லாம் இந்தப் பேரை வச்சுக்கிட்டுத் திரியறான்."