செக்யூரிட்டி மாநாடும் பிரம்மதேசத்துச் சம்பந்தமும்

மரக்காணம்,
ஞாயிறு.

மதிப்பிற்குரிய மச்சான் சகாதேவன் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஞானாம்பாளின் கணவன் தேவநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்களும் உப்பளமும் நலம். தங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள் என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

நம் மலர்கொடியை ஜெனிவாவில் நடக்கும் உலக உணவுப் பாதுகாப்பு மாநாட்டில் பேச அழைத்திருக்கிறார்கள். கடல் ஏறி வந்தால் நம் உப்பளங்கள் என்ன ஆகும், அதற்கு அரசாங்கங்கள் என்ன செய்ய வேண்டும் என்று பல நாட்டு அதிகாரிகளுக்கு முன்னால் நம் வீட்டுப் பெண் எடுத்துச் சொல்லப்போகிறாள். நம் குடும்பத்தில் இதுவரை மைக் பிடித்தவர் தாங்கள் ஒருவர்தான். அதுவும் திருவிழாவில் காணாமல் போன குழந்தையை அறிவிக்க. எனக்குப் பெருமை தாங்கவில்லை. டீக்கடை தேசப்பனிடம், "பொண்ணு செக்யூரிட்டி மாநாட்டுக்கு ஜெனிவா போறா" என்று சொல்லிவிட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்பா, இவ்ளோ படிக்க வெச்சு வாட்ச்மேன் வேலைக்கா அனுப்புற? அதுக்கு இங்க ஏடிஎம்லயே நிக்கலாமே" என்றார். மலர்கொடி சொல்லித்தந்தபடி, "வாட்ச்மேன் இல்லீங்க, இது ஃபுட் செக்யூரிட்டி" என்றேன். "ஓ, ஓட்டல் வாசல்லயா?" என்றார். பப்ளிக் பாலிசி பற்றியும் பேசுவாள் என்று நான் வாயை விட்டதுதான் தப்பு. மறுநாள் முதல் ஊரில் யாரும் என்னைக் கண்டால் நிற்பதில்லை. அனுமந்தையிலிருந்து மீன் கொண்டுவரும் சாலம்மாள்கூட, "அண்ணே, எங்க வூட்டுக்காரருக்கு ஏற்கெனவே பாலிசி போட்டாச்சு" என்று கூடையோடு ஓடிவிட்டாள்.

இந்த நேரம் பார்த்துத் தாங்கள் கொண்டுவந்த பிரம்மதேசத்துச் சம்பந்தம் பெண் பார்க்க வந்தது. கேசரி, போண்டா எல்லாம் முறைப்படி நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா பெண்ணோடு தனியாகப் பேச உள்ளே போனார். போன வேகத்தில் வெளியே வந்து, போண்டா கடித்துக்கொண்டிருந்த தன் கணவரிடம், "எழுந்திரிங்க, போலாம்" என்றார். பாவம், மீதி போண்டாவைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார் மனிதர். "ராத்திரியெல்லாம் கேட்டுல நிக்கிற பொண்ணு எங்க குடும்பத்துக்கு ஒத்துவராதுங்க" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டார்கள். தேசப்பன் வாய் பிரம்மதேசம் வரைக்கும் நீண்டிருக்கிறது, பாருங்கள்! "மாநாடு மாநாடுன்னு தம்பட்டம் அடிச்சே பொண்ணு கல்யாணத்தக் கெடுத்துட்டீங்க" என்று சொன்ன தங்கள் தங்கை, அதன்பிறகு என்னோடு பேசுவதே இல்லை. ஆகவே தாங்கள் நல்ல வேட்டியாகக் கட்டிக்கொண்டு உடனே பிரம்மதேசம் போய், செக்யூரிட்டி வேறு, வாட்ச்மேன் வேறு என்று எடுத்துச் சொல்லி, எப்படியாவது அவர்களைத் திரும்ப அழைத்துவர வேண்டும். என் பெண்ணின் வாழ்க்கை இப்போது தங்கள் கையில்தான் இருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். தங்கள் வயலில் மழையும் எங்கள் பாத்தியில் வெயிலும் குறைவில்லாமல் இருக்கக் கடவுளை வேண்டும்,

தங்கள் அன்புள்ள மைத்துனன்,
தேவநாதன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது மலர்கொடி இதை வாங்கிப் படித்துவிட்டாள். "தேசப்பன் மாமாவைத் திட்டாதீங்கப்பா, அது நான்தான்" என்கிறாள். அந்த அம்மா உள்ளே வந்ததும், "கல்யாணத்துக்கு அப்புறம் மாநாடு கீநாடெல்லாம் வேணாம்மா, வீட்டோட இரு" என்றாராம். இவள் பணிவாக, "சரிங்க அத்தை, மாநாட்டை விட்டுடறேன். நைட் டியூட்டிய மட்டும் விட முடியாது. விசில், டார்ச்சு எல்லாம் குடுத்துட்டாங்க" என்றாளாம். எனக்குக் கோபம் வரவில்லை மச்சான். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கண் கலங்கிவிட்டது. சண்டை இல்லை, சத்தம் இல்லை, ஒரு வண்டி ஆட்களை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறாள். இவளைக் கூப்பிடாமல் உலகம் வேறு யாரைக் கூப்பிடும்? கேட்டுக்கொண்டிருந்த தங்கள் தங்கையும் சிரித்துவிட்டாள். ஆகையால் பிரம்மதேசம் போக வேண்டாம். வழியில் அவர்கள் எதிர்ப்பட்டுக் கேட்டால், பொண்ணு செக்யூரிட்டிதான் என்றே சொல்லிவிடவும்.