பொன்னாடைக்கும் பதினைந்து யார்டு

எங்கள் ஆட்கள் ஒருவரைப் பாராட்ட நினைத்துவிட்டால் தப்புவது கடினம். என் மாமாவிடம் அது முடியவே முடியாது. சுவிட்சர்லாந்தில், ஷ்லீரன் நகரில் இருக்கும் அவருடைய காரின் டிக்கியில் உதிரிச் சக்கரம் இருக்கிறதோ இல்லையோ, இரண்டு பொன்னாடைகள் இருக்கும். (ஒன்று பிரதம விருந்தினருக்கு, மற்றது அவரைக் கூட்டி வந்தவருக்கு.)

நான் சோலோதுர்னில் பிறந்து வளர்ந்தவன். தலைக்கவசம் போட்டு மோதிக்கொள்ளும் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடப் போய், முழங்கால் பழுதானதும் நடுவரானேன். விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, புள்ளி எடுத்த வீரர் எவ்வளவு கொண்டாடலாம் என்பதுதான். அளவு மீறினால் நான் மஞ்சள் துணியை எறிவேன், அவருடைய அணி பதினைந்து யார்டு பின்னால் போக வேண்டும். அந்தத் துணியை நான் கொஞ்சம் அதிகமாகவே எறிந்தேன். (வீட்டில் என் பேச்சை யாரும் கேட்பதில்லை. வேறு எங்கே எறிவது?)

முதல்முறை தலைமை நடுவராக வெள்ளைத் தொப்பி போட்ட நாள் அது. மேல்நிலை உரிமத்துக்கு நான் தகுதியா என்று பார்க்க ஒரு மதிப்பீட்டாளர் வந்திருந்தார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். இதை மாமாவிடம் சொல்லிவிட்டவர் அம்மா.

இரண்டாம் பாதியில் உள்ளூர் அணியின் மார்க்கோ பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டி டச்டவுன் எடுத்தான். உடனே அவனுடைய தோழன் மாடு போல நாலு காலில் நின்றான். மார்க்கோ பக்கத்தில் குந்திப் பால் கறந்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் துணியை எறிந்தேன்.

"கொஞ்சம்தானே கறந்தேன்," என்றான் சுவிஸ் ஜெர்மனில்.

"இது மைதானம், மேடை இல்லை," என்றேன். மதிப்பீட்டாளருக்குக் கேட்கட்டும் என்று உரத்தே சொன்னேன்.

சற்று நேரத்தில் ஓர் அணி டைம் அவுட் கேட்டது. ஆட்டம் நின்றதும், கோட் சூட்டோடு ஒருவர் மைதானத்தின் நடுவே நடந்து வந்தார். நடையிலேயே ஆள் யாரென்று தெரிந்தது.

"மாமா, உள்ளுக்கு வரக் கூடாது."

"தெரியும் தம்பி. அதுதான் விளையாட்டு நிக்குமட்டும் பொறுமையா நிண்டனான். தலையைக் கொஞ்சம் குனியும்."

"எனக்கு இண்டைக்குச் சோதினை மாமா. போங்கோ."

உறுதியான நடுவர் நிமிர்ந்தே நின்றிருப்பார். என் கழுத்து விழா மண்டபங்களில் வளர்ந்த கழுத்து. பொன்னாடையைக் கண்டதும் என்னைக் கேட்காமலே குனிந்துவிட்டது. மாமா போர்த்திவிட்டார். போர்த்தியவர் முன்னாலேயே கழற்றுவது மரியாதை இல்லை என்பதால், வரிச்சட்டையின் மேல் சரிகைப் பொன்னாடையோடு நின்றேன்.

"அப்பிடியே நில்லும், மாமி படம் எடுக்கட்டும்."

மாமி கைப்பையில் கைபேசியைத் தேடினார். டைம் அவுட் முடிந்தது. மாமி இன்னும் தேடினார். அப்போது என் காலடியில் ஒரு வாழைப்பழத் தோல் வந்து விழுந்தது. எறிந்தவன் மார்க்கோ. கைக்குக் கிடைத்த மஞ்சள் பொருள் அதுதான் போலும்.

அதற்கும் அவனைத் தண்டித்திருக்கலாம். எந்த முகத்தோடு தண்டிப்பது? எனக்கு நானே குற்றம் அறிவிப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. நன்னடத்தை மீறலுக்கான சைகை, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரிப்பது. விரித்தேன். மாமா கண்கலங்கி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். மாமி படம் எடுத்தது அப்போதுதான்.

ஆட்டம் முடிந்ததும் மதிப்பீட்டாளர் அமைதியாகக் கேட்டார். "கொண்டாட்டம் நீண்டுவிட்டதோ?"

"நீண்டுவிட்டது," என்றேன்.

"அடுத்த வருடம் பார்ப்போம்."

உண்மையிலேயே வலித்தது. சில வாரங்கள் மாமாவோடு பேசவில்லை. மறுவருடம் உரிமம் கிடைத்தது. (சோதனை எந்த நாளென்று இம்முறை மாமாவிடம் யாரும் சொல்லவில்லை.) இப்போது எங்கள் குடும்பத்தில் யாராவது கேக் வெட்டும்போது அளவுக்கு மீறித் துள்ளினால், மற்றவர்கள் இரண்டு கைகளையும் விரிக்கிறார்கள்.

சென்ற வருடம் எனக்குத் திருமணம். மார்க்கோ இப்போது நண்பன், முன்வரிசையில் இருந்தான். மாமா பொன்னாடையோடு மேடையேறியதும், சட்டைப்பையிலிருந்து மஞ்சள் கைக்குட்டையை எடுத்து அவர் முன்னால் எறிந்தான். மாமா அதைக் குனிந்து பார்த்தார்.

"பதினைஞ்சுதானே?" என்றார்.

மேடையை விட்டு இறங்கி, ஒவ்வோர் அடியாக வாய்விட்டு எண்ணிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். பதினைந்தில் நின்று திரும்பினார். பிறகு ஆறுதலாக நடந்து வந்து எனக்குப் போர்த்திவிட்டார். அதுவரை நான் குனிந்தபடியேதான் நின்றிருந்தேன்.