காலி நாற்காலிக்கு ஒரு விண்ணப்பம்

வட்டார வரி மதிப்பீட்டு அலுவலர் தம் சொந்த வீட்டுக்கும் தாமே வரி மதிப்பிட்டவர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. பெருங்காற்றில் வீட்டின் மாடி விழுந்து மூன்று மாதமாகியும், ஏட்டில் அது கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. அதை நீக்கச் சொல்லி மனு கொடுக்க இன்றுதான் கடைசி நாள்.

"இல்லாத மாடிக்கு எத்தனை நாள்தான் வரி கட்டுறது? அந்த ஆபீசர் நீங்கதானே? ஒரு கையெழுத்துப் போட்டா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள் மனைவி.

அவருக்குச் சுருக்கென்றது. "ஆபீசர்னா வரிசையில குறுக்க புகுந்துடலாமா? விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

பத்து மணிக்கு டோக்கன் வாங்கினார். பதினேழாம் எண். எதிரே அவருடைய நாற்காலி காலி. வரிசை அசையவில்லை.

பதினொன்றரைக்கு அவருக்கே பொறுமை போய்விட்டது. "ஆபீசர் எங்கய்யா?" என்று குமாஸ்தாவை அதட்டினார்.

குமாஸ்தா பதறி எழுந்தார். "இன்னும் சீட்டுக்கு வரலைங்க, சார்."

"எப்ப வருவாரு?"

"அதை நீங்கதான் சார் சொல்லணும்."

பின்னால் நின்ற தையல்காரர் மெல்ல வாயைத் திறந்தார். அவருடைய ஒற்றை அறைக் கடையைக் கிடங்கு என்று பதிந்திருந்தார்கள். அவருக்கும் இன்றே கடைசி நாள்.

"நீங்க போய் உக்காந்தா எல்லார் வேலையும் முடிஞ்சிடும் சார். உங்க இடத்தை நான் பாத்துக்கறேன்."

"வரிசையில இடம் பிடிச்சு வைக்கக் கூடாது. ஏழாவது விதி, சுவத்துல பாருங்க." அதை ஒட்டியவரும் அவர்தான். "போனா கடைசியிலதான் வந்து நிக்கணும். இன்னிக்கு விட்டா மாடி நின்னுடும்."

"உங்க வீட்டு மாடிதான் விழுந்துடுச்சே சார்?"

"அது வீட்டுல. நான் ஏட்டுல சொல்றேன்."

தையல்காரர் தலையாட்டி வைத்தார். ஆபீசரைப் பகைத்துக்கொள்ள முடியுமா?

மணி ஐந்தடித்தது. மனு நேரம் முடிந்ததாகக் குமாஸ்தா அறிவித்தார். அலுவலர் கால் கடுக்க நடந்துபோய்த் தம் நாற்காலியில் அமர்ந்தார். பதினேழாம் மனுவை எடுத்து, மனம் வலிக்க எழுதினார்: 'மனுதாரர் உரிய நேரத்தில் அலுவலர் முன் ஆஜராகவில்லை. தள்ளுபடி.' மற்ற மனுக்களிலும் பாரபட்சமில்லாமல் அதையே எழுதினார்.

தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "தன் மனுவையே தள்ளிட்டாரே! இப்படி ஒரு நேர்மையான மனுஷன் எங்க கிடைப்பாரு?"

எல்லோரும் கைதட்டினார்கள். இவரை இங்கிருந்து மாற்றவே கூடாதென்று அங்கேயே ஒரு கோரிக்கை எழுதினார்கள். முதல் கையெழுத்து தையல்காரருடையது.