மாமாவின் மோட்டார்சைக்கிளை நான் மினுக்கிய கதை

பெயின்ற் தின்னரின் மணம் மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குத் தலையிடிக்கும். எனக்குச் சிரிப்பு வரும். போன கிழமை பக்கத்து வீட்டுக்காரர் கேற்றுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று நான் தனியே சிரித்ததை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியாது.

ஒப்புக்கொள்கிறேன்: ஒரு மனிதர் என்னோடு கதைக்க வேண்டும் என்பதற்காக, அவரைக் கிட்டத்தட்டக் கொல்லப் பார்த்தவன் நான்.

அவர் என் மாமனார். அச்சுவேலியில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர், ஊருக்கு மாஸ்ரர். அவரைக் கேட்காமல் அவருடைய மகள் வசந்தியை நான் பதிவுத் திருமணம் செய்துகொண்டதால், நாலு வருடங்களாக என்னோடு ஒரு சொல் பேசவில்லை. சண்டை பிடித்திருந்தாலும் பரவாயில்லை. கதிரை இழுத்துப் போடுவார், மாம்பழம் வெட்டி வைப்பார், எனக்கு நேர் எதிரே இருந்துகொண்டு, "பிள்ளை, அவரைத் தேத்தண்ணியைக் குடிக்கச் சொல்லு, ஆறப்போகுது" என்பார். நானும் வசந்தியைப் பார்த்து, "குடிக்கிறன் எண்டு அப்பாட்டைச் சொல்லும்" என்பேன். மூன்றடி தூரத்துக்கு ஒரு தபால்காரி!

அவர் வீட்டோடு சாய்த்து இறக்கிய பத்தியில் ஒரு பழைய மோட்டார்சைக்கிள் நின்றது. வெள்ளிக்கிழமைகளில் அதை ஸ்ராட் பண்ணி, முன் விளக்குக்குச் சந்தனப் பொட்டு வைத்து, மறுபடி சாக்கால் மூடிவிடுவார். அதைப் புதுப்பித்துத் தருகிறேன் என்று வசந்தி மூலம் விண்ணப்பித்தேன். (நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞன். அதுவரை நான் கழற்றிப் பூட்டிய ஆகப் பெரிய இயந்திரம் ஸ்ரேப்ளர்.)

மாமா ஒரு கிழமை யோசித்தார். பிறகு தீர்ப்பு வந்தது.

"பிள்ளை, முழுதையும் அவரிட்டைக் குடுக்கேலாது. முதல் பின் சொக் அப்சோபர் இரண்டையும் கொண்டுபோய் வடிவாச் செய்துகொண்டு வரட்டும். மிச்சத்தைப் பிறகு கதைப்பம்."

கதைப்பம்! அந்தச் சொல் ஒன்றே எனக்குப் போதும். பின் சில்லின் இரு பக்கமும் நின்று றோட்டின் குலுக்கலையெல்லாம் வாங்கிக்கொள்ளும் அந்த இரண்டு ஸ்பிரிங் குழாய்களையும் உரப்பையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து, யாழ்ப்பாணத்து வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பத்து நாள் தேய்த்தேன். துருவுக்குக் கீழே கறுப்பு, கறுப்புக்குக் கீழே அதைவிடப் பழைய சிவப்பு, அதற்கும் கீழே வெள்ளியாய் இரும்பு. மாமாவின் மௌனத்தையும் இப்படி அடுக்கடுக்காகத் தேய்த்தெடுக்கலாம் என்று அப்போது ஓர் எண்ணம். முற்றத்து மல்லிகை சாம்பல் நிறத்தில் பூத்தது. என் தும்மல்கூடத் துருநிறத்தில் வந்தது.

பதினோராம் நாள் குழாயின் மூடியைத் திருகித் திறந்தேன். உள்ளே கறுப்பாய், நாறலாய், ஏதோ குழம்பு.

"வசந்தி, இதுக்குள்ளை எண்ணெய் கிடக்கு. என்ன செய்யிறது எண்டு அப்பாட்டை ஒருக்காக் கேளும்!"

"இஞ்சாருங்கோ, சொதி திரையப்போகுது. இப்பதான் கேக்கோணுமோ?" என்று முணுமுணுத்தபடி அவள் தோளில் போனைச் செருகிக்கொண்டு கேட்டாள். ஒரு கை அகப்பையில். பாதிக் கதையில் அடுப்பிலிருந்த தேங்காய்ப்பால் சொதி பொங்கியது. "அதை வெளியிலை ஊத்தட்டாம்!" என்று என்னைப் பார்த்துக் கத்திவிட்டு, போனை வைத்துவிட்டு அடுப்பிடம் ஓடினாள்.

ஊற்றினேன். ஊற்றியது மட்டுமல்ல, பெற்றோல் விட்டுக் கழுவினேன், வெயிலில் காயவைத்தேன், குழாய்க்குள் ஈரம் என்ற பேச்சே இல்லாமல் பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். மூன்று பூச்சுப் பெயின்ற். ஸ்பிரிங்கை அமத்திப் பூட்ட வசந்தியைப் பலகைமேல் ஏற்றி நிறுத்தினேன். ("உங்களைக் கட்டினதுக்கு இதுவும் வேணும்" என்றாள்.)

ஞாயிறு காலை வசந்தியோடு அச்சுவேலிக்குப் போய், மாமா குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டையும் பொருத்திவிட்டேன். சீற்றை ஒருமுறை அமத்திப் பார்த்தேன். ஏழுமுறை துள்ளியது! எனக்குப் புல்லரித்தது. கிழட்டு வண்டிக்கு இளமை திரும்பிவிட்டது என்று நம்பினேன்.

மாமா வந்தார். குனிந்து பார்த்தார். பெயின்ற் மினுக்கத்தில் தன் முகத்தையே பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"பிள்ளை, வடிவாத்தான் வந்திருக்கு எண்டு சொல்லு. கோயிலுக்குக் கொண்டுபோய் ஒரு அர்ச்சனை செய்வம். அவரையே ஓடச் சொல்லு, நான் பின்னாலை இருக்கிறன்."

வெள்ளை வேட்டி, பட்டுச் சால்வை, மடியில் அர்ச்சனைத் தட்டு. அவர் என் முதுகோடு இருக்கிறார்! நாலு வருடத்தில் நாங்கள் அவ்வளவு கிட்ட இருந்ததில்லை. தோட்டங்களுக்கு நடுவே புதுத் தார் றோட்டு எண்ணெய் பூசியதுபோல் கிடந்தது. பிறகு, வாய்க்காலுக்கு மேலே மேடாய் ஒரு மதகு வந்தது.

மதகில் ஏறி இறங்கினோம். அதன் பிறகும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தோம். மதகைத் தாண்டிய பின்னும் மதகு எங்களை விடவில்லை. வேட்டைத் திருவிழாவில் சுவாமியின் குதிரை வாகனத்தைத் தூக்குகிறவர்கள் வேண்டுமென்றே குலுக்கி ஆட்டுவார்களே, அதே ஆட்டம். எழுந்தருளியிருந்தவர் மாமா. முதலில் வாழைப்பழம் பறந்தது, பிறகு வெற்றிலை, பிறகு தேங்காய் வாய்க்காலுக்குள் உருண்டது. சால்வை என் முகத்தில் வந்து விழுந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"நிப்பாட்டும்! நிப்பாட்டும் காணும்!"

எனக்குப் பிரேக் மறந்துபோனது. வசந்தி அங்கே இல்லை. றோட்டில் வேறு எவரும் இல்லை. அப்படியென்றால்? சால்வையை விலக்கிக்கொண்டு முழுதாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன்.

"மாமா... என்னையோ சொல்லுறியள்?"

"உம்மைத்தான்! முன்னுக்குப் பாரும்!"

முன்னுக்குப் பார்த்தபோது வெங்காயத் தோட்டம் வந்திருந்தது. அன்று காலைதான் தண்ணீர் கட்டியிருந்தார்கள்.

செம்மண் சேறு மெத்தை மாதிரி எங்களை ஏந்திக்கொண்டது. ஒருவருக்கும் காயமில்லை. அடுத்த பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, "மாஸ்ரர், வேட்டைத் திருவிழா இந்தமுறை வெள்ளனவே துவங்கியிட்டுதோ?" என்றார்.

மாமா சேற்றில் இருந்தபடியே கையை நீட்டி வண்டியின் பின்புறத்தை அமத்தினார். அது துள்ளியது. இன்னும் துள்ளியது.

"உதுக்குள்ளை எண்ணெய் விட்டனீரோ?"

"எண்ணெயோ? நீங்கள்தானே வெளியிலை ஊத்தச் சொன்னனீங்கள்?"

"பழசை ஊத்திப்போட்டுப் புதுசு விடச் சொல்லு எண்டெல்லோ நான் சொன்னனான்! துள்ளலை அடக்கிறதே அந்த எண்ணெய்தான்!"

"எனக்கு ஊத்தச் சொன்னது மட்டும்தான் வந்தது, மாமா. அந்த நேரம் சொதி பொங்கினது."

அவர் என்னைப் பார்த்தார். வீடிருந்த திசையைப் பார்த்தார். பிறகு சிரிப்பில் வயிறு குலுங்கத் தொடங்கியது. எண்ணெய் இல்லாத சொக் அப்சோபர் போல அவரால் நிறுத்தவே முடியவில்லை. நானும் சிரித்தேன். நசிந்த வெங்காயத்தாளின் மணத்தில் கண்ணில் வந்த நீர் எதற்கு என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை.

பன்னிரண்டு வருடமாகிறது. இன்றும் எங்கள் வீட்டில் யாராவது யாருக்காவது ஒரு செய்தி கொண்டுவந்தால், என் மகள் விடாமல் கேட்பாள்: "எண்ணெயோடையோ, எண்ணெய் இல்லாமலோ?" வசந்தி அகப்பையை ஓங்குவாள். மாமா இப்போது போனில் என்னை அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் பிடித்து வைத்திருக்கிறார். (நாலு வருட மிச்சம் என்று நினைத்துப் பொறுத்துக்கொள்கிறேன்.)

அந்த ஞாயிறு பின்னேரம், சேறான உடுப்புக்குப் பதிலாக மாமாவின் பழைய சாரத்தைக் கட்டிக்கொண்டு நான் புறப்பட, அவர் கேற்றடி வரைக்கும் வந்தார். வசந்தி பழக்கதோஷத்தில், "அப்பா என்ன சொல்லுறார் எண்டால்..." என்று தொடங்கினாள். மாமா கையைக் காட்டி அவளை நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த ஞாயிறும் வாரும் காணும். இடையிலை ஏதும் கேக்கிறதெண்டால் எனக்குப் போன் எடும். உவளிட்டைச் சொல்லிவிடாதையும், அரைவாசிதான் வந்துசேரும்."