அனுமதி பெறாத கரப்பான்பூச்சிகள்

பொதுமக்கள் நலன் கருதி, எங்கள் ஊர்ப் பதிவு அலுவலகத்தில் மாதாமாதம் கரப்பான்பூச்சி மருந்து அடிக்கப்பட்டு வந்தது. சிக்கனம் கருதி, அதில் தண்ணீர் தாராளமாகக் கலக்கப்பட்டும் வந்தது. முதலில் நிறைய செத்தன. அப்புறம் கொஞ்சம் செத்தன. இப்போது மருந்தடித்த கையோடு மீசையை நீவிக்கொண்டு மேலதிகாரியின் மேசைமேல் உலாத்துகின்றன.

விலங்கியல் படித்த புது எழுத்தரம்மாவை மேலதிகாரி கூப்பிட்டார்.

"ஏம்மா, மருந்தைத் தாங்க இதுங்களுக்கு யாரு கத்துக்கொடுத்தது?"

"யாரும் கத்துக்கொடுக்கல சார். கூட்டத்துல ஒண்ணு ரெண்டு பிறக்கும்போதே தாங்குற உடம்போட பிறந்திருக்கும். தாங்காதது செத்துப்போச்சு. தாங்கினது முட்டை போட்டுச்சு. பிள்ளைங்களும் அதே மாதிரி. தண்ணி கலந்து அடிச்சு அடிச்சு நாமதான் பொறுக்கி எடுத்திருக்கோம்."

"யாரு அனுமதிச்சாங்க?"

"எதுக்கு சார்?"

"இப்படி மாறுறதுக்கு!"

தலைமை எழுத்தர் பவ்யமாகக் குனிந்தார். "அனுமதி கேட்டு எதுவும் வரலைங்க."

மேலதிகாரி ஆழ்ந்து யோசித்தார். மருந்து சரியில்லை என்றால் கலந்தவர் பதில் சொல்லியாக வேண்டும். கலக்கச் சொன்னவர் அவரேதான்.

"கரப்பான்பூச்சியே இல்லேன்னு மத்தவங்க எல்லாம் கையெழுத்துப் போட்டாச்சு, நீயும் போட்டுடும்மா. இல்லேன்னா மாற்றல்தான்."

"அப்பா படுத்த படுக்கையா கிடக்கார் சார். என்னை விட்டா அவருக்கு ஆளில்ல."

"அதனாலதாம்மா சொல்றேன்."

பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் கொழுத்த ஒன்று உட்கார்ந்திருந்தது. ஊதிப் பார்த்தாள். அசையவில்லை. பேனாவை வைத்துவிட்டாள்.

மறுவாரம் அப்பாவைப் பாயோடு தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரைவிட்டே போனாள்.

காலியிடத்துக்கு நேர்காணல் நடந்தது. கேள்வி கேட்க உட்கார்ந்தவர்கள் எல்லாரும் அந்தக் கையெழுத்தைப் போட்டுத் தப்பியவர்கள். வந்த இளைஞனின் காலரில் ஒன்று ஏறியது.

"கழுத்துல என்ன தம்பி?"

"எங்கே சார்?"

மேலதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "இவன் நம்ம பிள்ளைய்யா!"

ஜன்னலுக்கு வெளியே மனுவோடு வரிசையில் நின்ற நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். "ஐயோ, பூச்சி!" என்று கத்தியவர்களின் மனுக்கள் எப்போதோ காணாமல் போய்விட்டன, அவர்களும் வருவதை விட்டுவிட்டார்கள். மிச்சம் நாங்கள்தான்.

ஜன்னல் விளிம்பில் ஒரு கரப்பான்பூச்சி கம்பீரமாக வந்து நின்றது. எனக்கு முன்னால் நின்ற அண்ணன் இடுப்பில் இருந்த கைக்குழந்தை அதைப் பார்த்துக் கைகூப்பியது.

சத்தியமாக, யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.