நடுவர் காதில் பஞ்சு

"இந்தப் பொங்கலுக்குப் பட்டிமன்ற நடுவர் நீங்கதான் மாமா" என்று ஞானவேல் வந்து சொன்னபோது கொத்தனார் மரியசூசையின் தலையில் ஒரு கல் இருந்தது. தலையில் கல்லை வைத்துக்கொண்டு மாட்டேன் என்று தலையாட்ட முடியாது. கல்லை இறக்கிவிட்டு நிமிர்வதற்குள், படிப்பகச் செயலாளரான ஞானவேல் அவர் பெயரை நோட்டில் எழுதி முடித்திருந்தான்.

"தலைப்பு என்னப்பா?"

"செபாஸ்டின் வீட்டுல ஒரு இங்கிலீஷ் இசைத்தட்டு கெடக்குல்ல. ஊரு உலகமெல்லாம் அதைப் புகழுதாம். அந்தப் புகழுக்கு அது தகுதியா, தகுதியில்லையா. அதான்."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதேப்பா. தமிழையே நாப்பது வயசுக்கு மேல முதியோர் பள்ளியில போயித்தான் படிச்சேன்."

"அதனாலதான் மாமா. தெரிஞ்சவன் எல்லாரும் ஏற்கெனவே ஒரு பக்கம் சாஞ்சு நிக்கான்."

அது உண்மைதான். செபாஸ்டின் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். அந்தக் குடும்பம் பெட்டி கட்டிக்கொண்டு சொந்த நாட்டுக்குக் கிளம்பியபோது, பெட்டியில் அடங்காத சாமான்களை வேலையாட்களுக்குக் கொடுத்தது. தோட்டக்காரருக்குக் கட்டில் கிடைத்தது. செபாஸ்டினுக்கு ரெக்கார்டு பிளேயரும் அந்த ஒற்றை இசைத்தட்டும் கிடைத்தன. அட்டையில் ஒரு கழுதை கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றது. 'இதுக்கு மேல ஒரு ராக் இசை பூமியில கிடையாது' என்று துரை சொல்லிவிட்டுப் போனாராம். அன்றிலிருந்து நாயுடுபுரத்தில் அவர்கள் தெரு இரண்டாகிக் கிடந்தது.

"எந்தப் பக்கம் யாரு பேசுறா?"

"தகுதி உண்டுங்கிற அணிக்குத் தலைவர் செபாஸ்டின். இல்லைங்கிறதுக்கு அவரு சம்சாரம் தெரசம்மா."

மரியசூசை இறக்கி வைத்த கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் புருசன் பெண்டாட்டியின் மூத்த மகனுக்குத்தான் அவருடைய மகள் அமலியைப் பேசிக்கொண்டிருந்தார்கள். போன வாரம் வந்து பெண் பார்த்தார்கள். முறுக்கு தின்றார்கள். பதிலைப் பொங்கல் கழித்துச் சொல்கிறோம் என்று போய்விட்டார்கள். இரண்டு வருடமாக அலைந்து கிடைத்த இடம். மரியசூசை இப்போதே செபாஸ்டினை மச்சான் என்றும் தெரசம்மாளைத் தங்கச்சி என்றும் கூப்பிட்டுப் பழகிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவி கித்தேரியம்மாளிடம் கேட்டார்.

"அந்த வீட்டுல யாரு சொல்லு செல்லும்?"

"கோயிலுக்குப் போகும்போது அவரு முன்னால நடக்காரு. திரும்பி வரும்போது அந்தம்மா முன்னால வருது. நான் என்னத்தைச் சொல்ல."

எதற்கும் தட்டை ஒருமுறை கேட்டுவிடுவோம், அப்படியே மாப்பிள்ளை வீட்டு வாசலையும் மிதித்த மாதிரி இருக்கும் என்று மரியசூசை மறுநாள் கிளம்பினார். தெரசம்மாள் ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிருந்தாள். செபாஸ்டின் அவரை உட்கார வைத்து, தட்டை வேட்டி நுனியால் துடைத்து ஓடவிட்டார். முதலில் காய்கறி லாரி ஒன்று மலைப்பாதை வளைவில் கியர் மாற்ற முடியாமல் திணறுவதுபோலக் கேட்டது. அப்புறம் அந்த லாரிக்குள்ளே ஒரு ஆள் அழுதான். ஒரு பாட்டு முடிவதற்குள் ஒரு சட்டி கலவை குழைத்துவிடலாம்.

"எப்படி?" என்றார் செபாஸ்டின். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"கணீர்னு இருக்கு மச்சான்."

மறுநாள் வெள்ளனே அவர் வேலைக்குப் போகும் வழியில், ஆஸ்பத்திரி வாசலில் தெரசம்மாள் மறித்துக்கொண்டாள்.

"ஏண்ணே, பாட்டு கணீர்னு இருக்குன்னு தீர்ப்பே சொல்லிட்டீங்களாமே. ஞானவேல் சொல்லுச்சு."

"ஐயையோ, இல்ல தங்கச்சி. அதைக் கேட்டதுல இருந்து எனக்குக் காதே சரியில்ல. குத்துது."

அவள் முகம் மலர்ந்தது. உள்ளே போய்ச் சொட்டு மருந்தும் ஒரு கொத்துப் பஞ்சும் கொண்டுவந்து, தன் கையாலேயே இரண்டு காதிலும் வைத்து அடைத்தாள்.

பஞ்சு வைத்த பிறகுதான் மரியசூசைக்கு யோசனை வந்தது. காது கேட்காதவனை யார் நடுவராகப் போடுவார்கள்? நேராகப் படிப்பகத்துக்குப் போனார்.

"காது அடைச்சுப் போச்சுப்பா. வேற ஆளைப் பாரு."

ஞானவேல் கொஞ்சமும் கலங்கவில்லை. "பரவால்ல மாமா. உங்க நாற்காலியை ஒலிபெருக்கிக் குழாய்க்குப் பக்கத்துல போட்டுருவோம்" என்று கத்திச் சொன்னான்.

மத்தியானம் செபாஸ்டின் சுவர் கட்டுகிற இடத்துக்கே வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"என்னங்க, உங்களுக்குச் சுத்தமா காது கேக்காதாமே. ஞானவேல் சொன்னான். பொண்ணு பாக்க வந்தப்ப இதைச் சொல்லவே இல்லையே."

மரியசூசைக்கு நன்றாகவே கேட்டது. பதில் சொன்னால் காது கேட்கிறது என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் செவிடு என்று ஆகிவிடும். அவர் கரணையை எடுத்துப் பூச்சு வேலையைப் பார்த்தார்.

"பரம்பரையா வர்றதா?" என்று செபாஸ்டின் சத்தத்தைக் கூட்டினார். சித்தாள்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

மரியசூசை பூசினார்.

"பொண்ணுக்கும் இருக்கா?"

அதற்குமேல் அவரால் முடியவில்லை. இரண்டு காதிலிருந்தும் பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். "என் மகளுக்கு என்ன மச்சான் குறை? தெருமுனையில பால்காரன் மணி அடிச்சா அவதான் முதல்ல எந்திரிப்பா."

"அப்ப உங்களுக்குக் கேக்குது."

"இப்பத்தான் சரியாச்சு."

"எதுல சரியாச்சு?"

"தங்கச்சி குடுத்த மருந்துல" என்று வாய் சொல்லிவிட்டது.

செபாஸ்டின் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஓகோ. அவ மருந்துல கேக்குதா. அப்ப அவ சொல்றதுதான் இனிமே உங்க காதுல ஏறும்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனார்.

அன்று வீட்டில் அடுப்பு மூட்டத் தோன்றாமல் கித்தேரியம்மாள் மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டும் சமம்னு சொல்லிட்டு இறங்கிருங்க" என்றாள்.

அதையும் போய்க் கேட்டார். "ஆகாது மாமா" என்றான் ஞானவேல். "போன வருசம் நடுவர் அப்படித்தான் சொன்னாரு. சனம் அவரை மேடையை விட்டு இறங்கவிடல. செருப்பை எடுத்து ஒளிச்சு வச்சுட்டாங்க. ஒரு பக்கம் சொல்லித்தான் ஆகணும்."

பொங்கலன்று சாயங்காலம் படிப்பகத்து வாசலில் கூட்டம் நிரம்பியிருந்தது. பனி மெள்ள மேடைக்குள்ளும் ஏறி வந்தது. அதில் எது மாப்பிள்ளை வீட்டு முகம், எது மற்ற முகம் என்று மரியசூசைக்குப் பிடிபடவில்லை. முன்வரிசையில் அமலி இருப்பது மட்டும் தெரிந்தது. சட்டைப்பையில் ஒரு காகிதம். ஒரு பக்கத்தில் 'தகுதி உண்டு', மறுபக்கத்தில் 'தகுதி இல்லை'. இரண்டும் அவரே எழுத்துக் கூட்டி எழுதியவை. எதைப் படிப்பது என்று மட்டும் தெரியவில்லை.

செபாஸ்டின் எழுந்தார். "கடல் கடந்து வந்த இசை. துரையே கண்ணு கலங்கிக் கேட்டாரு. நான் கேக்கும்போது எனக்கும் கலங்குது."

"வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டா யாருக்கும் கலங்கும்" என்றாள் தெரசம்மாள், முறை வருவதற்கு முன்பே. "பதினோரு மாசமா வீட்டுல இதே தட்டு. நம்ம நடுவரே அதைக் கேட்டுட்டுக் காதுல பஞ்சோட அலைஞ்சாரு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"ரசனை இல்லாதவளைக் கட்டுனது என் தப்பு."

"ரசனை இருந்திருந்தா உங்களை நான் கட்டியிருப்பேனா?"

கூட்டம் விசிலடித்தது. மணியடிக்க வேண்டிய ஞானவேல் மணியை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தான். கால்மணி நேரம் அந்தச் சண்டை போனது. உப்புமா, மாமியார், பழைய குடை எல்லாம் வந்துபோயின. கடைசியில் இருவரும் களைத்து, இரண்டு பக்கமும் நடுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

மரியசூசை எழுந்தார். முட்டி வலித்தது. காகிதத்தை எடுத்தார், புரட்டினார், திரும்பப் பையிலேயே வைத்துவிட்டார்.

"நான் கொத்தன். சுவரு நிக்குமா நிக்காதான்னு கேட்டா சொல்லுவேன். இந்தப் பாட்டு எனக்கு விளங்கல. அது நல்லதா கெட்டதான்னு இந்த நிமிசம் வரைக்கும் தெரியல. ஆனா ஒண்ணு பாத்தேன். எங்க வீட்டுல அரிசி இருக்கா, வெறகு காஞ்சுதான்னு கேட்டா அன்னிக்குப் பேச்சு முடிஞ்சுபோகும். அனேகமா எல்லா வீட்டுலயும் அப்படித்தான். மச்சான் வீட்டுல மட்டும் பதினோரு மாசமா புருசனும் பொஞ்சாதியும் விடாம பேசிக்கிட்டிருக்காங்க. கல்யாணமாகி இருபத்தஞ்சு வருசத்துக்கு அப்புறம் ரெண்டு பேரைப் பேச வச்ச தட்டுக்கு எவ்வளவு புகழு கெடைச்சாலும் தகும். மச்சான் சொன்னது செல்லும்."

செபாஸ்டின் அணி எழுந்து கைதட்டியது. தெரசம்மாள் சேலையை உதறிக்கொண்டு கிளம்பப் பார்த்தாள்.

"தங்கச்சி, உக்காரு. இன்னும் இருக்கு. அது ஓடும்போது ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்குக் கேக்காது. பேச்செல்லாம் அதை நிறுத்துன பிறகுதான் நடக்குது. அதனால புகழு மச்சான் தட்டுக்கு. வெற்றி, அதை நிறுத்தச் சொன்ன தங்கச்சிக்கு."

செபாஸ்டின்தான் முதலில் சிரித்தார். தெரசம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கூட்டம் தட்டிய தட்டில் மேடைப் பலகை அதிர்ந்தது. ஞானவேல் மட்டும் கைதட்டவில்லை. மைக் வயரைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றான்.

செபாஸ்டினும் தெரசம்மாளும் ஒன்றாகவே மேடை ஏறினார்கள்.

"இப்படிப்பட்ட மனுசன் வீட்டுல பொண்ணெடுக்காம வேற எங்க எடுக்கிறது?" என்றாள் தெரசம்மாள். "என்னங்க?"

"வர்ற ஞாயித்துக்கிழமையே கோயில்ல முதல் ஓலை வாசிக்கச் சொல்லிருவோம் சம்பந்தி" என்றார் செபாஸ்டின்.

மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசித்து முடித்தால் கல்யாணம்தான். கித்தேரியம்மாள் சம்பந்தியம்மாளோடு பேசிக்கொண்டு பின்னால் நின்றுவிட்டாள். மரியசூசை மகளைக் கூட்டிக்கொண்டு சரிவில் நடந்தார். தலையிலிருந்த கல்லை இப்போதுதான் இறக்கியதுபோல இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் மூளையை நினைத்து அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"பாத்தியாம்மா அமலி. கெட்டுப் போக இருந்த சம்பந்தத்தை உங்கப்பன் ஒத்தை ஆளா எப்படித் தூக்கி நிறுத்துனேன் பாத்தியா?"

அமலி நின்றாள்.

"அது கெட்டுப் போகணும்னுதான்ப்பா, நானும் ஞானவேலும் யோசிச்சு யோசிச்சு உங்களை நடுவரா போட்டோம்."