சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே

பள்ளிக்கூடம் என்றால் பிள்ளைகள் பேசுவார்கள். எந்த மொழியில் பேசுவது என்பதை அவர்களே முடிவு செய்துகொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. புங்கமேடு அரசு உயர்நிலைப் பள்ளியில் அந்தக் காலம் ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவுக்கு வந்தது.

அன்று தலைமையாசிரியர் சின்னதுரை வழக்கம்போல் திண்டிவனத்தில் பஸ் ஏறி, விக்கிரவாண்டியில் இறங்கி, அனந்தபுரம் பக்கம் போகிற பஸ்ஸுக்குக் காத்திருந்து, அது வந்ததும் படியில் ஒரு காலும் காற்றில் ஒரு காலுமாகத் தொங்கி, புங்கமேடு வந்து சேர்ந்தார். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. திண்டிவனத்துக்கு மாறுதல் கிடைக்க வேண்டும். அவர் வீட்டு மொட்டைமாடியில் நின்று பார்த்தால் அந்த ஊர் அரசுப் பள்ளியின் தண்ணீர்த் தொட்டி தெரியும். தினமும் அந்தத் தொட்டியைக் கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குக் கிளம்புவார்.

மேசைமேல் ஒரு சுற்றறிக்கை காத்திருந்தது. ஆங்கில மேம்பாட்டுச் சிறப்புப் பிரிவு என்ற புத்தம்புதிய அலுவலகம் அதை அனுப்பியிருந்தது. மாணவர்களின் உலகளாவிய எதிர்காலத்தைக் கருத்தில் கொண்டு, பள்ளி வளாகத்தின் எல்லைக்குள் ஆங்கிலம் தவிர வேறு மொழி எதுவும் பேசப்படலாகாது என்று அதில் ஆணையிடப்பட்டிருந்தது. சுற்றறிக்கை நல்ல தமிழில் இருந்தது.

தலைமையாசிரியர் தினமும் மாலையில் கைப்பேசியில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இன்று வளாகத்தில் தமிழ் கேட்டதா? இன்று வளாகத்தில் தவறான ஆங்கிலம் கேட்டதா? சரியான ஆங்கிலம் கேட்டதா என்று மூன்றாவது கேள்வி இல்லை. அதற்கு அவசியம் வரும் என்று அந்த அலுவலகம் எதிர்பார்க்கவில்லை போலும். இரண்டுக்கும் தொடர்ந்து ‘இல்லை’ என்று பதில் வரும் பள்ளி மாதிரிப் பள்ளி ஆகும். அதன் தலைமையாசிரியரின் கோரிக்கைகள் கனிவுடன் பரிசீலிக்கப்படும்.

கடைசி வாக்கியத்தைச் சின்னதுரை திரும்பத் திரும்பப் படித்தார். கண்முன்னே தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

அந்தப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் இடம் வெகுகாலமாகக் காலி. அறிவியல் ஆசிரியை ஜெசிந்தாதான் ஆங்கிலத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். சுற்றறிக்கையில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. அதனால் அவரும் அதைக் கேட்கவில்லை. வேறொன்றைத்தான் கேட்டார்.

“சார், நம்ம வளாகத்துக்கு எல்லை எது?”

நியாயமான கேள்வி. மூன்று பக்கம் மதில் இருந்தது. கிழக்குப் பக்க மதில் கட்டி முடிக்கப்பட்டதாகக் காகிதத்தில் மட்டும் இருந்தது. அந்தப் பக்கம் பள்ளிக்கூடமும் மண்ணாங்கட்டி என்கிற விவசாயியின் மல்லாட்டைக் கொல்லையும், அதாவது நிலக்கடலை வயலும், ஒன்றோடு ஒன்று கலந்து கிடந்தன. சின்னதுரை விளையாட்டு விழாவுக்குப் போடுவதுபோல அங்கே நீளமாக ஒரு சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னார். கோட்டுக்கு இந்தாண்டை ஆங்கிலம். அந்தாண்டை மண்ணாங்கட்டி.

முதல் நாள் பள்ளிக்கூடம் அப்படியே அடங்கிப்போனது. மணிச்சத்தம் ஒன்றுதான் சத்தம். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்து வாயைத் திறந்து, ஞாபகம் வந்து, மூடிக்கொண்டார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலை வாயில் வைத்துக் காட்டினார்கள். சுண்டுவிரல் ஏற்கெனவே பழக்கத்தில் இருந்ததால் அதற்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

மத்தியானம் சத்துணவு சமைக்கும் முனியம்மாள் கரண்டியோடு தலைமையாசிரியர் அறைக்கு வந்துவிட்டார்.

“என்னா சார், பசங்களுக்கு வாயில எதனா புண்ணா? முட்டை வேணுமான்னு கேட்டா ஒண்ணும் வாயத் தொறக்க மாட்டேங்குது.”

சின்னதுரைக்கு இதை ஆங்கிலத்தில் விளக்கத் தெரியாது. தமிழில் விளக்கக் கூடாது. சற்று யோசித்தார். எழுந்து, முனியம்மாளைக் கையசைத்து அழைத்துக்கொண்டு மைதானத்தைக் கடந்து, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, கொல்லையில் நின்று, எல்லாவற்றையும் விளக்கமாகத் தமிழில் சொன்னார். பிறகு மறுபடியும் கோட்டைத் தாண்டி உள்ளே வந்து வாயை மூடிக்கொண்டார்.

இதைப் பள்ளிக்கூடம் முழுவதும் ஜன்னல் வழியாகப் பார்த்தது.

அடுத்த இடைவேளையில் கோட்டுக்கு அந்தாண்டை திருவிழாக் கூட்டம். ஆணை மீறப்படவில்லை. ஆணையில் உள்ளே என்றுதான் இருந்தது. இரண்டு நாள் கழித்து ஜெசிந்தா தலைமையாசிரியரைக் கோட்டுக்கு வெளியே அழைத்துப்போய், இங்கிலீஷ் பாடத்தைத் தமிழில் சொன்னால்தான் பிள்ளைகளுக்குப் புரிகிறது, அதை மட்டும் கொல்லையில் நடத்திக்கொள்ளட்டுமா என்று கேட்டார். சின்னதுரை சுற்றறிக்கையை ஒருமுறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார். தடை ஏதும் தென்படவில்லை. ஆக, ஆங்கில வளாகத்தைவிட்டு முதலில் வெளியேறிய பாடம் ஆங்கிலம்.

பின்னாலேயே கணக்கு போனது. அறிவியல் போனது. வரலாற்றைப் போகச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. வார முடிவில் கரும்பலகையும் போய்ப் பனைமரத்தில் சாய்ந்துகொண்டது. உள்ளே கொடிக்கம்பமும் தலைவர்கள் படங்களும் சின்னதுரையும் மிஞ்சினார்கள்.

மல்லாட்டை பிடுங்கி முடித்த கொல்லை என்பதால் மண்ணாங்கட்டி ஆட்சேபம் சொல்லவில்லை. ஆனால் ஒரு சந்தேகம் கேட்டார்.

“சார், எங் கொல்லையில பள்ளிக்கூடம் நடந்துக்கினு இருக்குது. அப்ப அங்க பள்ளிக்கூடத்துல என்னா நடக்குது?”

“அங்க இங்கிலீஷ் நடக்குதுங்க.”

மண்ணாங்கட்டி காலியான கட்டடத்தை எட்டிப் பார்த்தார். “நல்லா நடக்குது சார். ஒரு தொந்தரவு இல்ல,” என்றார்.

ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. அதன் பெயர் சங்கவி. ஒன்பதாம் வகுப்பு. சுற்றறிக்கையை நம்பியவர்கள், எழுதியவரையும் சேர்த்துக் கணக்கெடுத்தால், அவள் ஒருத்திதான். ஆங்கிலம் பேசச் சொல்லியிருக்கிறார்கள், பேசினால் என்ன என்று அவள் உள்ளேயே இருந்து பேசிக்கொண்டிருந்தாள். குழாயடியில் பேசினாள். முனியம்மாளிடம், “அக்கா, ஒன் மோர் எக்,” என்றாள். கிடைத்தது. அதில் தைரியம் பெற்றுத் தலைமையாசிரியர் அறை வாசலுக்கே வந்தாள்.

“சார், ஒய் யூ சிட் அலோன்? ஃபேன் நாட் ரன்னிங். கம் அவுட்சைட், ட்ரீ ஈஸ் தேர்.”

சின்னதுரைக்கு வியர்த்தது. இது தவறான ஆங்கிலமாக இருக்குமோ என்று அவருக்குப் பலமான சந்தேகம். ஆனால் தவறு என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் சரி எது என்று தெரிந்திருக்க வேண்டும். அவர் வரலாறு படித்தவர். அன்று மாலை இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்றே அழுத்தினார்.

மறுநாள் அவளைக் கோட்டுக்கு அந்தாண்டை கூப்பிட்டு, தப்பில்லாமல் பேச வரும்வரை பேசாமல் இருக்கலாமே என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார்.

“சைக்கிள் கத்துக்கும்போது விழாம யாரு சார் கத்துக்கினாங்க?” என்றாள் சங்கவி. “ஓட்ட வந்த பின்னாடிதான் ஏறணும்னா, எப்ப சார் ஏறுறது?”

சின்னதுரை கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டார். அங்கே பதில் சொல்ல வேண்டியதில்லை.

இப்படியிருக்கையில் சிறப்பு அலுவலர் திருமுருகன் ஆய்வுக்கு வருகிறார் என்ற செய்தி வந்தது. ஆய்வு நாள் காலையில் சின்னதுரை முதல் காரியமாகச் சங்கவியைப் பள்ளிக்கு வெளியே ரோட்டிலேயே தேடிப் பிடித்தார்.

“இன்னிக்கு ஒரு நாள் நீயும் கோட்டுக்கு அந்தாண்ட இரும்மா.”

“நான் இங்கிலீஷ்தானே சார் பேசறேன்?”

“அதான்மா பயமா இருக்கு.”

இவ்வாறாக, ஆங்கில வளாகத்தில் ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்த ஒரே பிள்ளை ஆங்கில ஆய்வை முன்னிட்டுத் தமிழ்ப் பக்கத்துக்கு அனுப்பப்பட்டாள்.

திருமுருகன் வந்தார். ஒவ்வொரு வகுப்பறை வாசலிலும் நின்று காது கொடுத்துக் கேட்டார். எங்கும் ஒரு சொல் இல்லை. அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. மற்றப் பள்ளிகளில் எல்லாம் யாராவது தமிழில் பேசித் தொலைப்பார்கள். அதைக் கண்டித்து அவர் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை சொல்ல வேண்டிய நிர்ப்பந்தம் வந்துவிடும். இங்கே அந்தச் சங்கடமே இல்லை. கடைசியில் கொல்லைப் பக்கம் கூட்டமாகத் தெரிந்ததைக் கண்டு, சின்னதுரையைச் சைகையால் கூப்பிட்டுக் கோட்டைத் தாண்டினார். அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அனுபவம்.

“அது என்னாங்க கூட்டம்?”

“அது எல்லைக்கு வெளியிலங்கய்யா.”

“அப்ப நமக்குச் சம்பந்தமில்ல,” என்றார் திருமுருகன். பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்களுக்குத் திண்டிவனம்தானே வேணும்? விழுப்புரத்துல மாதிரிப் பள்ளி விருது விழா வச்சிருக்குது. விருது வாங்கும்போது மேடையிலேயே ஒரு வார்த்தை கேளுங்க. அத்தனை பேர் முன்னாடி கேட்டா, இல்லன்னு நான் சொல்ல முடியுமா?” என்றார்.

சின்னதுரைக்குக் கால் தரையில் பாவவில்லை. அதற்குள் சுற்று வட்டாரத்தில் பள்ளியின் புகழ் பரவிவிட்டது. பிள்ளைகளை வேன் வைத்துத் தனியார் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்த பூமாலை என்பவர் ஒருநாள் வாசலில் வண்டியை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தார். “அடேங்கப்பா, ஒரு சத்தம் இல்ல. அப்படியே கான்வென்ட் மாதிரி இருக்குது,” என்று போகிற இடமெல்லாம் சொன்னார். அடுத்த வருஷச் சேர்க்கைக்கு இப்போதே ஆள் விசாரிக்கத் தொடங்கினார்கள்.

விழாவுக்கு முன்னால் சின்னதுரைக்கு இன்னொரு செய்தி வந்தது. விழா மண்டபமும் ஆங்கில வளாகமாக அறிவிக்கப்பட்டிருந்தது. வாசற்படியில் சுண்ணாம்புக் கோடு போட்டாகிவிட்டதாம்.

மாறுதலை மேடையில் கேட்க வேண்டும். மேடை கோட்டுக்கு உள்ளே. அவர் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் சங்கவியிடம் போய் நின்றார்.

அவள் சிரிக்கவில்லை. கோட்டுக்கு அந்தாண்டை, பனைமரத்தடியில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். “மிஸ்டேக் கம், நோ ப்ராப்ளம் சார். யூ ஸ்பீக்.” அவர் பேசினார். விக்கிரவாண்டியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் பேசினார். பக்கத்தில் நின்ற லாரி கிளீனர், பெரியவருக்கு என்ன கஷ்டமோ என்று டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

விழா அமைதியாக நடந்தது. வரவேற்புரையாளர் கும்பிட்டார். சிறப்பு விருந்தினர் எழுந்து கையை அசைத்துவிட்டு உட்கார்ந்தார். அது சிறப்புரை. மாவட்டத்துத் தலைமையாசிரியர்கள் அத்தனை பேரும் சத்தம் வராமல் கைதட்டினார்கள். திருமுருகன் கேடயத்தைச் சின்னதுரையின் கையில் கொடுத்துப் புன்னகை செய்தார்.

சின்னதுரை கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார்.

“சார், ஐ வாண்ட் திண்டிவனம். மை ஹவுஸ் தேர். எவ்ரி டே டூ பஸ். பஸ் ஃபுல், லெக் அவுட்சைட். ப்ளீஸ் கிவ், சார்.”

மண்டபமே திகைத்தது. கடைசி வரிசையில் யாரோ எழுந்து நின்று பார்த்தார்கள். சிறப்பு விருந்தினர் திருமுருகனைப் பார்த்தார். எல்லாரும் திருமுருகனைத்தான் பார்த்தார்கள். பதில் சொல்ல வேண்டியவர் அவர். பதிலும் ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும். திருமுருகன் வாயைத் திறந்தார். மூடினார். தண்ணீர் குடித்தார். பிறகு விறுவிறுவென்று மேடையைவிட்டு இறங்கி, வாசற்படியைத் தாண்டி, வெளியே போய் நின்றார். சின்னதுரை கேடயத்தோடு பின்னாலேயே ஓடினார்.

“என்னா சின்னதுரை, இப்படிப் பண்ணிட்டீங்க?”

“நீங்கதானங்கய்யா மேடையில கேக்கச் சொன்னீங்க.”

“கேக்கச் சொன்னேன். இங்கிலீஷ்ல கேக்கச் சொன்னேனா?”

“உள்ள வேற எதுலங்கய்யா கேக்கறது?”

“அதனாலதான்யா அத்தனை பேரும் ஒண்ணுமே கேக்காம உக்காந்துக்கினு இருக்காங்க,” என்றார் திருமுருகன். “ஒரு மாதிரிப் பள்ளித் தலைமையாசிரியரே உள்ள நின்னு பேசிட்டா, நாளைக்கு மத்தவங்களும் பேச ஆரம்பிப்பாங்க. அப்புறம் திட்டம் என்னாவறது?”

அந்த வாரமே ஆணை வந்தது. திட்டத்தின் நலன் கருதி, திரு. சின்னதுரை அவர்கள் தாம் உருவாக்கிய மாதிரிப் பள்ளியிலேயே தொடர்ந்து நீடிப்பார்.

மறுநாள் அவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்காமலே பஸ் ஏறினார். புங்கமேட்டில் இறங்கி, காலியான வராண்டாவில் கேடயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கொல்லையில் ஜெசிந்தா இங்கிலீஷ் பாடம் நடத்துகிற சத்தம் தூரத்தில் கேட்டது. சங்கவி வந்து தூணில் சாய்ந்து நின்றாள்.

“சார், டிரான்ஸ்ஃபர் கம்மிங்?”

“நோ. நாட் கம்மிங்.”

“சாரி சார். ஐ டீச் பேட்?”

“நோ, நோ. யூ டீச் குட். ஆஃபீசர் ஃபியர்.”

அவள் சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. சத்தமாகவே வந்தது. சிரித்து முடித்த பிறகுதான், திட்டம் தொடங்கியதிலிருந்து இந்த வளாகத்தில் இரண்டு பேர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டது இதுவே முதல் தடவை என்பது அவருக்கு உறைத்தது. சட்டென்று எழுந்து, யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

கேட்டுவிட்டிருந்தார்கள். சேர்க்கைக்காகப் பிள்ளையோடு வந்திருந்த பூமாலை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

“என்னா சார், உள்ள சத்தம் கேக்குது?” என்றார். “நம்பித்தானே கூட்டிக்கினு வந்தேன்.”

பிள்ளையின் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு, வண்டியைத் திருப்பினார்.